முழங்கால் வலிக்கு ஏன் வயிற்று மாத்திரை?

முழங்கால் வலி என்று மருத்துவரைப் பார்க்கப் போனால், பெரும்பாலும் இரண்டு மாத்திரைகளோடு திரும்புகிறோம். ஒன்று வலிக்கு. இன்னொன்று, காலையில் வெறும் வயிற்றில் போடவேண்டிய பான்டபிரசோல் போன்ற ஒன்று. மருந்துக் கடையில் அதைக் 'கேஸ் மாத்திரை' என்று சொல்லிக் கொடுப்பார்கள். வலிப்பது முழங்கால். வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு வயிற்றுக்கு எதற்கு மாத்திரை?

கேட்டால், "வலி மாத்திரை சூடு, வயிற்றைப் புண்ணாக்கிவிடும். அதனால்தான் சாப்பிட்டுவிட்டுப் போடச் சொல்கிறோம்" என்று பதில் வரும். கேட்டதும் மனத்தில் ஒரு படம் தோன்றுகிறது. மாத்திரை இரைப்பையில் போய் விழுகிறது. விழுந்த இடத்தை மிளகாய்த் தூள் போல எரிக்கிறது. சோறு இருந்தால் அது மெத்தை போலக் காக்கிறது. "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, ஊசியாகப் போட்டுவிடுங்கள்" என்று பலர் மருத்துவரிடம் கேட்பதற்கும் இந்தப் படமே காரணம். ஊசி மருந்து வயிற்றுக்குப் போகாதே!

ஆனால் டைக்ளோஃபினாக்கை ஊசியாகப் போட்டாலும் இரைப்பையில் புண் வரக்கூடும். ஆசனவாய் வழியே வைத்தாலும் வரக்கூடும். வயிற்றைத் தொடாத மருந்து வயிற்றை எப்படிப் புண்ணாக்குகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், வலி மாத்திரைகளை எப்போது போடலாம், எப்போது போடக் கூடாது, யார் போடக் கூடாது என்பதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எல்லாம் அந்த ஒரு விடையிலிருந்தே கிளைக்கின்றன.

வலியின் கூட்டாளி

கால் பிசகினால் கணுக்கால் சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் சுடுகிறது, வலிக்கிறது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியரான செல்சஸ் இந்த நான்கையும் சேர்த்து எழுதிவைத்தார். இதைத்தான் 'அழற்சி' என்கிறோம். அழற்சி நோயல்ல, அடிபட்ட இடத்துக்கு உடல் செய்யும் முதலுதவி. ரத்தக் குழாய்கள் விரிந்து அங்கே கூடுதல் ரத்தம் பாய்கிறது. குழாய்ச் சுவர்கள் நெகிழ்ந்து, நீரும் வெள்ளணுக்களும் திசுவுக்குள் இறங்குகின்றன. சிவப்பும் சூடும் வீக்கமும் இதனால் வருபவை.

இந்த வேலையை முடுக்கிவிடும் வேதிப்பொருள்களில் முக்கியமானவை புரோஸ்டாகிளாண்டின்கள். 1935-ல் சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் வான் ஆய்லர் இவற்றை விந்துத் திரவத்தில் கண்டு, புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக எண்ணி இப்படிப் பெயரிட்டார். உண்மையில் உடலின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களும் இவற்றைத் தயாரிக்கின்றன. செல்லின் உறையில் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு இருக்கிறது. செல் தூண்டப்படும்போது அது விடுபடுகிறது. 'சைக்ளோஆக்சிஜனேஸ்' என்னும் நொதி அதைப் பிடித்து, புரோஸ்டாகிளாண்டினாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. இந்த நொதியை மருத்துவர்கள் சுருக்கமாகக் 'காக்ஸ்' என்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

புரோஸ்டாகிளாண்டின் பெரும்பாலும் தானே வலியை உண்டாக்குவதில்லை. வலி நரம்பின் முனைகளைக் கூசவைக்கிறது. உதடு வெடித்திருக்கும்போது ரசம் குடித்துப் பாருங்கள். நேற்று ருசித்த அதே ரசம் இன்று எரிகிறது. ரசத்தில் எந்த மாற்றமும் இல்லை, உதடுதான் மாறிவிட்டது. வீங்கிய முழங்காலில் படியேறும்போது நேர்வதும் இதுதான். மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்தில் இதே பொருள் கூடினால் காய்ச்சல். மாதவிடாயின்போது கருப்பையில் கூடினால், தசை இறுகி அடிவயிற்றைப் பிசையும் வலி.

ஆக, புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைத்தால் வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றும் தணியும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், அசிகுளோஃபினாக், நாப்ராக்சென், மெஃபனாமிக் அமிலம், ஆஸ்பிரின் ஆகியவை செய்வது இதைத்தான். இந்தக் குடும்பத்துக்கு 'ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள்' என்று பெயர். அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டுகளும் உண்டு. அவை வேறு வழியில் வேலை செய்பவை என்பதால் இந்த நீண்ட பெயர். 'அழற்சி தணிப்பான்கள்' என்று நாம் சுருக்கிக்கொள்ளலாம்.

தெரியாமலே விழுங்கிய 70 ஆண்டுகள்

ஆஸ்பிரின் 1899-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. கோடிக்கணக்கானோர் விழுங்கினார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் 70 ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியாது.

வயிற்றைப் பற்றிய சந்தேகம் முன்பே எழுந்துவிட்டது. 1938-ல் லண்டனில் டவுத்வெய்ட் என்ற மருத்துவர், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களின் இரைப்பைக்குள் குழாய் வழியே நேராகப் பார்த்து, உட்சுவர் சிவந்திருப்பதைப் பதிவு செய்தார். மாத்திரை தொட்ட இடம் புண்படுகிறது என்ற எண்ணத்துக்கு இது வலுச்சேர்த்தது. ஆஸ்பிரினைப் பொறுத்தவரை அதில் உண்மையும் உண்டு. ஆனால் அது பாதி உண்மை.

மீதிப் பாதி 1971-ல் வந்தது. லண்டன் ராயல் அறுவை மருத்துவர்கள் கல்லூரியில் ஜான் வேன் என்ற மருந்தியல் ஆய்வாளர் இருந்தார். மிகச் சிறு அளவிலான புரோஸ்டாகிளாண்டினை அளக்க அவர் கையாண்ட முறை எளிமையானது. விலங்குகளின் வயிறு, குடல் பகுதிகளிலிருந்து எடுத்த திசுப் பட்டைகளைத் தொங்கவிட்டு, அவற்றின் மீது சோதிக்க வேண்டிய திரவத்தை வழியவிடுவார். அதில் புரோஸ்டாகிளாண்டின் இருந்தால் பட்டை சுருங்கும். எவ்வளவு சுருங்குகிறது என்பதைக் கொண்டு அளவைக் கணிப்பார். உயிருள்ள தசையே அவருக்குத் தராசு.

கினிப் பன்றியின் நுரையீரலை அரைத்து, அதில் அராகிடோனிக் அமிலத்தைச் சேர்த்தார். புரோஸ்டாகிளாண்டின் உண்டானது. பிறகு ஆஸ்பிரினைச் சேர்த்தார். உற்பத்தி சரிந்தது. ஆஸ்பிரின் கூடக் கூட உற்பத்தி குறைந்தது. அதே வகையைச் சேர்ந்த இண்டோமெத்தசின் இன்னும் பலமாகத் தடுத்தது. அபினியிலிருந்து வரும் மார்ஃபினும் வலியைப் போக்குவதுதான். ஆனால் அது இந்த உற்பத்தியைத் தடுக்கவில்லை. எனவே இது வலி போக்கும் எல்லா மருந்துகளுக்கும் பொதுவான குணமல்ல, இந்தக் குடும்பத்தின் கையெழுத்து என்று தெளிவாயிற்று. அதே இதழில் வெளியான வேறு இரண்டு கட்டுரைகள், மனிதனின் ரத்தத் தட்டணுக்களிலும் நாயின் மண்ணீரலிலும் இதே தடுப்பைக் காட்டின. இந்தக் கண்டுபிடிப்புக்காக வேனுக்கு 1982-ல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

நுரையீரல், மண்ணீரல், தட்டணு. இவற்றில் எதுவும் வலிக்கிற மூட்டு அல்ல. எங்கெல்லாம் காக்ஸ் இருக்கிறதோ அங்கெல்லாம் இந்த மருந்து அதை அடைக்கிறது. நம் கேள்விக்கான விடையின் வேர் இங்கே இருக்கிறது.

வயல்தோறும் ஒரு மடை

ஓர் ஊரில் நூறு வயல்கள். ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாக ஒரு மடை. ஒரு வயலில் மட்டும் தண்ணீர் பெருகி நாற்று அழுகுகிறது. அந்த மடையை அடைக்க ஓர் ஆளை அனுப்புகிறோம். அவனுக்கு எந்த வயல் யாருடையது என்று அடையாளம் தெரியாது. வரப்போடு நடந்து, கண்ணில் பட்ட மடைகளையெல்லாம் அடைத்துக்கொண்டே போகிறான். வெள்ளம் நின்ற வயல் தப்பிக்கிறது. தண்ணீர் தேவைப்பட்ட மற்ற வயல்கள் காய்கின்றன.

மடைதான் காக்ஸ். தண்ணீர்தான் புரோஸ்டாகிளாண்டின். அந்த ஆள்தான் மாத்திரை. அவன் வாய் வழியே வந்தாலும் ஊசி வழியே வந்தாலும் நடக்கும் வரப்பு ஒன்றுதான்: ரத்த ஓட்டம்.

தண்ணீர் எப்போதும் தேவைப்படும் வயல்களில் ஒன்று இரைப்பை. உணவைச் செரிக்க அது சுரக்கும் அமிலம், தன் சுவரையே அரித்துவிடும் அளவுக்குக் கடுமையானது. அரிக்காமல் காப்பது புரோஸ்டாகிளாண்டின். சுவரின்மேல் வழுவழுப்பான சளிப் பூச்சைச் சுரக்கவைக்கிறது. அமிலத்தை முறிக்கும் காரப்பொருளைக் கசியவைக்கிறது. சுவருக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. மடை அடைபட்டால் இந்தக் காவல் தளர்கிறது. அதன்பின் புண்ணாக்குவது பெரும்பாலும் நம் சொந்த அமிலமே. அதனால்தான் ஊசியும் தப்பவிடுவதில்லை. உணவோடு மாத்திரை போட்டால் எரிச்சல் குறையலாம். ஆனால் ரத்தத்தில் கலந்த மருந்தை, சாப்பிட்ட சோறு தடுக்காது.

கூடவே வரும் கேஸ் மாத்திரையின் வேலை இப்போது புரியும். அது அமிலச் சுரப்பைக் குறைக்கிறது. காவல் தளர்ந்திருக்கும் நேரத்தில் எதிரியின் பலத்தைக் குறைப்பது நல்ல உத்தி; இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் அது பலன் தருவது நிரூபிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது காப்பது ஒரு வயலை மட்டுமே. சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்கு அது காவல் இல்லை. சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் இல்லவே இல்லை. "கேஸ் மாத்திரையும் சேர்த்துத்தானே போடுகிறேன்" என்று மாதக் கணக்கில் வலி மாத்திரை போடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. புண் வந்தால் வலிக்குமே, தெரிந்துவிடுமே என்று நினைக்கிறோம். வலியை அமுக்கும் மருந்தாலேயே வந்த புண் சத்தமில்லாமல் வளரலாம். சிலருக்கு ரத்தக் கசிவே முதல் அறிகுறி. மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து வரும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுப்பது உண்டுதான். என்றாலும் வலி மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது இப்படி ஆனால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டு வகை மடைகள்

1990-களின் தொடக்கத்தில், காக்ஸ் ஒன்றல்ல இரண்டு என்று தெரியவந்தது. காக்ஸ்-1 பெரும்பாலும் அன்றாடப் பராமரிப்புக்கு எப்போதும் திறந்திருக்கும் மடை. இரைப்பையைக் காப்பது முக்கியமாக இதுதான். காக்ஸ்-2 பெரும்பாலும் அழற்சி வரும்போது திறக்கும் மடை. அப்படியானால் இரண்டாவதை மட்டும் அடைக்கத் தெரிந்த ஆளைத் தயாரித்தால், வலியும் போகும், வயிறும் பிழைக்கும் அல்லவா? அந்த நம்பிக்கையில் பிறந்தவை செலிகாக்சிப், ரோஃபிகாக்சிப் போன்ற மருந்துகள்.

நம்பிக்கை பாதி பலித்தது. 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், 8,000-க்கும் மேற்பட்ட முடக்குவாத நோயாளிகளில் ஒரு பாதிக்கு ரோஃபிகாக்சிப்பும் மறுபாதிக்கு நாப்ராக்செனும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ரோஃபிகாக்சிப் எடுத்தவர்களிடம் இரைப்பைச் சிக்கல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆனால் மாரடைப்பு அவர்களிடம் கூடுதலாக இருந்தது. நாப்ராக்சென் இதயத்தைக் காத்ததா, ரோஃபிகாக்சிப் இதயத்தைக் கெடுத்ததா? இரண்டு மருந்துகளை மட்டும் ஒப்பிட்டால் இதைப் பிரித்தறிய முடியாது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட வேறோர் ஆய்வு பின்னர் விடை சொன்னது. 18 மாதங்களுக்கு மேல் எடுத்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடியிருந்தன. 2004 செப்டம்பர் 30 அன்று ரோஃபிகாக்சிப் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

காரணம் ஒரு தராசு. ரத்தத் தட்டணுக்கள் காக்ஸ்-1 உதவியால் தயாரிக்கும் ஒரு பொருள் ரத்தத்தை உறையத் தூண்டுகிறது. ரத்தக் குழாயின் உட்சுவர் காக்ஸ்-2 உதவியால் தயாரிக்கும் இன்னொரு பொருள் உறையாமல் தடுக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் ரத்தம் ஓடும். காக்ஸ்-2-ஐ மட்டும் அடைத்தால் தராசு உறைதல் பக்கம் சாய்கிறது.

இந்தச் சாய்வு புது மருந்துகளோடு நிற்கவில்லை. 600-க்கும் மேற்பட்ட ஆய்வுகளையும் சுமார் மூன்றரை லட்சம் நோயாளிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரும் பகுப்பாய்வு 2013-ல் வெளியானது. டைக்ளோஃபினாக்கை நாளொன்றுக்கு 150 மில்லிகிராமோ ஐபுபுரோஃபெனை 2,400 மில்லிகிராமோ ஓராண்டு முழுக்க எடுத்துக்கொள்ளும் ஆயிரம் பேரில், எடுக்காதவர்களைவிடக் கூடுதலாக ஏறக்குறைய மூன்று பேருக்கு மாரடைப்பு போன்ற பெரும் பாதிப்பு வரும், அதில் ஒருவர் இறக்கக்கூடும் என்று அது கணக்கிட்டது. பல் பிடுங்கிவிட்டு இரண்டு நாள் மாத்திரை போடுகிறவரை இந்தக் கணக்கு அச்சுறுத்த வேண்டியதில்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கோ, ஆண்டுக்கணக்கில் தானே வாங்கிப் போடுகிறவருக்கோ இது சிறிய எண் அல்ல.

ஆஸ்பிரின் மட்டும் ஏன் மாரடைப்பைத் தடுக்கக் கொடுக்கப்படுகிறது? மற்ற மருந்துகள் மடையைச் சில மணி நேரம் அடைத்துவிட்டு விலகுகின்றன. ஆஸ்பிரின் மடைக் கதவை நிரந்தரமாக அறைந்து மூடிவிடுகிறது. மற்ற செல்கள் புது நொதியைத் தயாரித்துக்கொள்ளும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. அதனால் புதிதாகச் செய்துகொள்ள வழியில்லாமல், தன் வாழ்நாளான 7 முதல் 10 நாள்களுக்கு உறையவைக்கும் வேலையிலிருந்து ஒதுங்கிவிடுகிறது. நாளுக்கு 75 மில்லிகிராம் போன்ற சிறு அளவே இதற்குப் போதும்.

இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. காக்ஸ் நொதிக்குள் குறுகலான சுரங்கம் போன்ற ஒரு பாதை இருக்கிறது. மருந்து போய் உட்காருவது அங்கேதான். காலையில் ஐபுபுரோஃபென் முதலில் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், பின்னால் வரும் ஆஸ்பிரினால் உள்ளே நுழைய முடியாது. ஆஸ்பிரின் ரத்தத்தில் வெகுநேரம் தங்குவதில்லை; வந்த வேலை நடக்காமலே கரைந்து போகிறது. ஐபுபுரோஃபெனும் சில மணி நேரத்தில் விலகிவிடுகிறது. இதயத்துக்கு அன்றைய காவல் கிடைக்காமல் போகிறது. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் வலி மாத்திரை போடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பது இதனால்.

வறட்சிக் காலத்து வயல்

சிறுநீரகத்தின் வேலை வடிகட்டுவது. ரத்தம் நுண்ணிய குழாய் வழியே வடிகட்டிக்குள் நுழைந்து இன்னொரு குழாய் வழியே வெளியேறுகிறது. உள்ளே அழுத்தம் இருந்தால்தான் வடியும். உடலில் நீரும் ரத்த ஓட்டமும் போதுமான அளவு இருக்கும்போது இதற்குப் புரோஸ்டாகிளாண்டினின் துணை பெரிதாகத் தேவைப்படுவதில்லை. அதனால்தான் திடகாத்திரமான இளைஞர் ஓரிரு நாள் வலி மாத்திரை போட்டால் சிறுநீரகத்தில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

வறட்சி வரும்போது நிலைமை மாறுகிறது. வயிற்றுப்போக்கு, வாந்தி, கத்திரி வெயிலில் நாள் முழுக்கக் கட்டட வேலை அல்லது களையெடுப்பு. உடலில் நீர் குறையும்போது குழாய்கள் இறுகுகின்றன. அப்போது வடிகட்டிக்கு உள்ளே வரும் குழாயைத் திறந்து பிடித்திருப்பது புரோஸ்டாகிளாண்டின்தான். சரியாக அந்த நேரத்தில், உடம்பு வலிக்கிறது என்று மாத்திரை போட்டு அந்த மடையையும் அடைத்தால், அழுத்தம் விழுகிறது, வடிகட்டுவது குறைகிறது. வயதானவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் ஆகியோருக்கு இந்த வறட்சி எப்போதுமே இருக்கிறது.

ரத்த அழுத்தத்துக்குப் போடும் எனலாபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை வடிகட்டியிலிருந்து வெளியேறும் குழாயை அகலப்படுத்துபவை. தனியாக இருக்கும்போது அவை சிறுநீரகத்துக்கு நல்லதே செய்கின்றன. சிலருக்குக் கூடவே சிறுநீரைக் கூட்டும் மாத்திரையும் இருக்கும். அது உடலில் உள்ள நீரைக் குறைக்கிறது. இப்போது வலி மாத்திரையும் சேர்ந்தால், நீர் குறைவு, நுழைவாயில் குறுகல், வெளிவாயில் அகலம். மூன்றும் சேர்ந்து அழுத்தத்தைக் கீழே இறக்குகின்றன. மருத்துவர்கள் இதை 'மும்முனைத் தாக்குதல்' என்றே எச்சரிக்கிறார்கள். அதோடு வலி மாத்திரை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தைக் கூட்டி, அழுத்த மாத்திரையின் பலனையும் குறைக்கும்.

2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் தமிழ்நாட்டில் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. பெருநன்மை அது. அதே வீட்டில், அதே டப்பாவில் கடையில் வாங்கிய வலி மாத்திரையும் கிடக்கிறது. இரண்டையும் அறிந்த ஒரே ஆள் அவற்றை விழுங்குபவர்தான். சிறுநீரகம் வலித்துச் சொல்லாது. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்த்தால்தான் தெரியும். நல்ல செய்தி என்னவென்றால், சீக்கிரம் கண்டுபிடித்து மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சிறுநீரகம் மீண்டுவிடுகிறது.

கருவிலிருக்கும் குழந்தைக்கும் இதே மடைதான். வயிற்றுக்குள் குழந்தை நுரையீரலால் மூச்சுவிடுவதில்லை. ரத்தம் நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குறுக்குக் குழாய் உண்டு. அதைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாய் இந்த மாத்திரைகளைப் போட்டால், அந்தக் குழாய் முன்கூட்டியே சுருங்கலாம். 20 வாரத்துக்குப் பிறகே, குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையும் ஆபத்தும் உண்டு. குறைமாதத்தில் பிறந்த சில குழந்தைகளுக்கோ அந்தக் குழாய் மூடாமலே நின்றுவிடும். அதை மூடவைக்க மருத்துவர்கள் கொடுப்பது இண்டோமெத்தசினும் ஐபுபுரோஃபெனும். மருந்தும் ஒன்று, அது செய்யும் வேலையும் ஒன்று. ஒரு குழந்தைக்குக் கேடாவது இன்னொரு குழந்தையைக் காக்கிறது.

எருமைக்கு மருந்து, பாறுக்கு நஞ்சு

யார் உடலில் போகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பதற்குப் பெரிய சாட்சி நம் வானத்தில் இருக்கிறது. வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு, இந்தியாவில் 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99.9 விழுக்காடு குறைந்துபோனது. கிருமி, பூச்சிமருந்து என்று பலவற்றைச் சந்தேகித்தார்கள். 2004-ல் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் இறந்த பறவைகளை ஆராய்ந்தது. சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து இறந்த 25 பறவைகளை எடுத்துக்கொண்டார்கள். 25-லும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. டைக்ளோஃபினாக் கொடுக்கப்பட்ட எருமை, ஆட்டு இறைச்சியைப் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவை அதே விதமாக இறந்தன. எருமையின் வலியை ஆற்றிய அளவு, அதன் சடலத்தைத் தின்ற பறவையைக் கொன்றது.

இந்தியா 2006-ல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய ஊசிக் குப்பிகள் மாடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததால், 2015-ல் குப்பியின் அளவை 3 மில்லிலிட்டராகக் குறைத்தார்கள். பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம், கால்நடைகளுக்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்டது. அதுவும் அழற்சி தணிப்பான்தான். நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகள் இந்த முடிவுகளை நம்பித்தான் பறக்கின்றன.

கடை வாசலில்

இந்த மருந்துகள் நல்ல மருந்துகள். பல்வலி, சுளுக்கு, மாதவிடாய் வலி, முடக்குவாதம் ஆகியவற்றில் இவற்றுக்கு ஈடான ஆறுதல் தருபவை அதிகமில்லை. வலியைத் தாங்கிக்கொண்டு கிடப்பது வீரமும் அல்ல. ஆனால் வலியைத் தணிக்கும் வேலையும் வயிற்றைப் புண்ணாக்கும் வேலையும் ஒரே மடையை அடைக்கும் வேலைதான். எனவே கேட்க வேண்டிய கேள்விகள்: எவ்வளவு, எத்தனை நாள், எந்த உடம்புக்கு?

எவ்வளவு என்றால், பலன் தரும் அளவில் மிகக் குறைந்தது. ஐபுபுரோஃபென் ஒரு வேளைக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் போனால் சாதாரண வலியில் கூடுதல் ஆறுதல் பெரிதாகக் கிடைப்பதில்லை. கேடு மட்டும் கூடும். இந்தக் குடும்பத்தில் இரண்டைச் சேர்த்துப் போடுவதும் அப்படித்தான். அடைத்த மடையை இரண்டாவது ஆள் வந்து அடைப்பதில் என்ன லாபம்? "உடம்பு வலிக்கு ஒரு செட் கொடுங்கள்" என்று கேட்டால் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரைகளில் பெயர் இருப்பதில்லை. பெயர் தெரியாமல் இரட்டிப்பைத் தவிர்க்க முடியாது. அட்டையை வெட்டித் தந்தால், பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வணிகப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். ஐபுபுரோஃபெனும் பாரசிட்டமாலும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது உண்டு.

எத்தனை நாள் என்றால், மிகக் குறைந்த நாள். அமெரிக்காவில் சீட்டில்லாமல் விற்கும் ஐபுபுரோஃபென் டப்பாவில், வலிக்கு 10 நாளுக்கு மேலும் காய்ச்சலுக்கு 3 நாளுக்கு மேலும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம் என்று அச்சிட்டிருக்கும். நம் நாட்டில் டைக்ளோஃபினாக்கும் ஐபுபுரோஃபெனும் மருத்துவர் சீட்டோடு விற்க வேண்டியவை. ஆறு மாதத்துக்கு முந்தைய சீட்டு இன்றைய சிறுநீரகத்துக்கு எழுதப்பட்டதல்ல.

முழங்கால் தேய்மானத்துக்கு, மேலே பூசும் டைக்ளோஃபினாக் ஜெல்லை முதலில் முயன்று பார்க்கலாம். பூசினால் ரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதில் ஒரு சிறு பங்குதான். வரப்பெல்லாம் அலையாமல் அந்த ஒரு வயலுக்கே ஆளை அனுப்புவதற்கு இது நெருங்கி வருகிறது.

காய்ச்சலுக்கு இந்தக் குடும்பத்தை நாடாதீர்கள், குறிப்பாக மழைக்காலத்தில். டெங்குவில் தட்டணுக்கள் குறைகின்றன. எஞ்சியவற்றையும் ஆஸ்பிரினோ ஐபுபுரோஃபெனோ செயலிழக்கச் செய்தால் ரத்தக் கசிவு மோசமாகலாம். இன்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பாரசிட்டமால்தான் ஏற்றது. அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. வீக்கத்தைப் பெரிதாகத் தணிக்காது, இரைப்பையையும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. அதற்கும் எல்லை உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம். தாண்டினால் கல்லீரல் கெடும். குழந்தைகளுக்குக் காய்ச்சலென்று ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி அரிதாக வரக்கூடும்.

எந்த உடம்புக்கு என்பதுதான் முக்கியமான கேள்வி. அதற்கான விடை மருந்துக் கடையில் நிற்பவரிடம் இல்லை. நாம் கர்ப்பமாக இருக்கிறோமா, முன்பு குடல்புண் வந்ததா, இதயத்துக்கோ அழுத்தத்துக்கோ மாத்திரை எடுக்கிறோமா, இரண்டு நாளாக வயிற்றுப்போக்கா என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். வீட்டிலுள்ள பெரியவர்கள் அன்றாடம் போடும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி அவர்கள் பையில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்கும்போது, "தம்பி, நான் பிரஷருக்கு இந்த மாத்திரை போடுறேன், கிரியேட்டினின் பார்த்து ஒரு வருஷம் ஆச்சு, இதைப் போடலாமா?" என்று அந்தத் தாளை நீட்டட்டும். சில நேரம், "இதைப் போடாதீங்கம்மா, டாக்டரைப் பார்த்துட்டு வாங்க" என்று பதில் வரும். அன்றைக்கு வலியோடு திரும்ப நேரலாம். சிறுநீரகம் காய்ந்துபோகாமல் திரும்புவார்கள்.